இருபது கிலோ

சம்பளத்துக்கு முந்தின இரவு.
பெக்கோக்கில் ஆறு மணிக்குப் பிடித்த மழை
பதினொன்றாகியும் விடவில்லை.
ஆலை ஆபீஸ் பின்னறையில்
ஏர்கோனுக்குக் கீழே ஒரு வாளி,
வாளிக்குப் பக்கத்தில் சர்வர்,
சர்வருக்குப் பக்கத்தில் நான்.

சம்பளச் சீட்டு இருநூற்றுப் பதின்மூன்றில்
நின்றுபோயிருந்தது.
மூன்றாம் பிரிவில் பழம் வெட்டும் ரஹ்மத்துல்லா
பாதி அச்சான தாளில் தொங்கிக்கொண்டிருந்தார்,
பெயர் உண்டு, தொகை இல்லை.

தட்டிய எழுத்து
குளுவாங்கிலிருந்து ரயில் பிடித்து வந்தது.
டாப் என்று அடித்துவிட்டு
மைலோ கலக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது திரை சொன்னது:
சுமை முப்பத்தொன்று.
இரண்டு பேர் சமைக்கும் அடுக்களையில்
முப்பத்தொரு பேர் கரண்டியோடு.

ஒருவனே தின்றிருந்தால் பிடிப்பது சுலபம்.
இவர்கள் ஆளுக்கு ஆறு விழுக்காடு,
எல்லாருக்கும் ஒரே பயனர் பெயர்: தீம்பாங்.
எடை மேடையின் கணக்கு.

முதலில் பதினைந்து அனுப்பினேன்.
மரியாதையான சமிக்ஞை அது,
கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கிளம்பு என்பது.
அசையவில்லை.
சரி, ஒன்பது.
4417 விழுந்தது.
4502 எழுந்தது.
அதையும் விழுத்தினேன். 4509.

லாலாங் வெட்டியவர்களுக்கு இது தெரியும்.

மரமாக வரைந்து காட்டச் சொன்னேன்.
கிளைகள் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்து
ஒரே எண்ணில் முட்டின: 1180.
பிள்ளை செத்தால் இன்னொன்று பெறு,
எடை முடியும்வரை யார் சொன்னாலும் கேட்காதே
என்று சொல்லிக் கொடுத்திருந்த சின்ன ஸ்கிரிப்ட்.
எழுதியவர் பெயர் முதல் வரியில் இருந்தது.
என் பெயர்.
இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி,
பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி வேறு.

திட்ட எடுத்த வாயில்
மைலோவை ஊற்றிக்கொண்டேன்.

தாயைக் கொல்லவில்லை, உறையவைத்தேன்.
பிறகு முப்பத்தொன்றுக்கும் ஒரே வரியில் ஒன்பது.
செத்த பிறகும் பட்டியலில் நின்றார்கள்,
செக்ரோலில் பெயர் வெட்ட ஆளில்லாமல்.
தாயையும் அனுப்பினேன்.
அநாதைகளை ஒன்றாம் எண் எடுத்துக்கொண்டது,
எதுவும் கேட்காமல், வழக்கம்போல.
திரை காலியானது.
ஒன்பது வாங்கியவன் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவதில்லை;
கிடந்த பூட்டுக் கோப்பைக் கையால் எடுத்தேன்.

ரஹ்மத்துல்லாவுக்குத் தொகை வந்தது.

எடை மேடைக்குப் போன் போட்டேன்.
'ஒரு தடவைதான் அமுக்குனேன்லா,' என்றார் அருளப்பன்.
ஒரு தடவையா?
'வரலே. அதான் இன்னொரு தடவ.
ஹஃபிஸ் லாரி வெளியில நின்னு ஹார்ன் அடிக்கிறான்,
எத்தனன்னு யாரு எண்ணுறது?'
நான் எண்ணியிருந்தேன். சொல்லவில்லை.
மேடை காலியா என்றேன்.
'காலிதான்.'
மீட்டரில் என்ன?
'இருபது... இப்ப நாப்பது... இருபது.'
அருளப்பன், எழுந்து போய்ப் பாருங்கள்.

ரிசீவரைக் கவிழ்த்து வைக்காமல் போனார்.
சிலிப்பர் சத்தம், தகரத்தில் மழை,
கொஞ்சம் தள்ளி ஒரு சிரிப்பு.

ஆலை நாய்.
நனையாத ஒரே இடம் அதுதான் என்று
நடு மேடையில் படுத்திருந்தது.
சொறிந்தால் நாற்பது, சுருண்டால் இருபது.
பூஜ்ஜியத்துக்குக் காத்திருந்தது என் ஸ்கிரிப்ட்.
வந்ததா வந்ததா வந்ததா என்று
நொடிக்குப் பல ஆயிரம் தடவை
மூச்சு வாங்காமல் கேட்டுக்கொண்டு.
தூங்கு என்று ஒரு சொல்
எழுத மறந்திருக்கிறேன்.
நாய்க்கு யாரும் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வரி சேர்த்தேன்:
ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே ஒரு நொடி தூங்கு.
முப்பது தடவைக்கு மேல் கேட்காதே.
சிரிப்புக் குறியை அழித்தேன்.

காலையில் சம்பள வரிசைக்குள் புகுந்து
அருளப்பன் ஒரு சீட்டை நீட்டினார்.
பிரிண்டர் வயிற்றில் தங்கியிருந்ததாம்.
லாரி எண்: காலியிடம்.
சரக்கு: செம்பனைப் பழம்.
எடை: இருபது கிலோ.

'இதுக்கு யாரு சைன் பண்றது?' என்றார்.